சட்டை காய்ந்தது, கைக்கு வரவில்லை

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். மேசை விரிப்பை மட்டும் அந்த நலக் கணக்கில் சேர்க்கவில்லை. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

தங்கள் மகன் கணினி நிரலைச் சங்கிலி முறையில் எழுதுகிறார். ஒரே வரி, வேலைக்கும் வேலைக்கும் நடுவே ஒரு புள்ளி. முதல் வேலை முடிந்ததும் பொருள் அப்படியே இரண்டாவதன் கைக்குப் போகும், அங்கிருந்து மூன்றாவதன் கைக்கு. அதை இன்று ஓட்டிக் காட்டினால்தான் வேலை நிரந்தரம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். சங்கிலி அலுவலகத்தோடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். காலையில் அதே முறையைத் தன் ஒரே வெள்ளைச் சட்டைக்கும் கொண்டுவந்தார். மகள் துவைக்க, நான் உலர்த்த, என் மனைவி இஸ்திரி போட, அவர் மாட்டிக்கொள்ள வேண்டும். "மாமா, முடிச்சிட்டேன்னு சொன்னா போதாது, சட்டைய அத்தை கையில கொடுக்கணும்" என்றார். தலையாட்டினேன். நல்ல வெயில், சட்டை காய்ந்தது, தொட்டுப் பார்த்தேன், கீழே வந்து "ஆச்சு" என்றேன். என் பங்கில் குறை உண்டா, நீங்களே சொல்லுங்கள். இவள் சூடான இஸ்திரிப் பெட்டியோடு மறு கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். "என்ன ஆச்சு?" "காஞ்சாச்சு." "சட்டை எங்க?" "கொடியிலதான்." "அப்போ பெட்டியத் தூக்கிட்டு மொட்டை மாடிக்கு வரவா? நல்ல மனுஷன்!" என்றபடி பெட்டியை விரிப்பின் மேலேயே வைத்துவிட்டாள். புகை. அதை அணைத்து முடிப்பதற்குள் மழை. சட்டை மறுபடி நனைந்து, மாப்பிள்ளை என் சட்டையில் கிளம்பினார். அந்தச் சட்டைக்குள் இன்னொரு மாப்பிள்ளைக்கும் இடமிருந்தது. மதியம் போன் செய்து, "பாதியில நின்னுடுச்சு மாமா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வேலை போனது போனதுதான். வீட்டுக்குள் சங்கிலி வேண்டாம் என்று தாங்கள்தான் பிள்ளைக்குப் புத்தி சொல்ல வேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். படி இறங்கும்போது பார்த்து இறங்குங்கள்.

அன்புடன்,
சம்பந்தி

பி.கு.: அப்பா, இதை எழுதுவது நான். நிரல் நின்றது உண்மை. ஒரே வரி என்பதால் கோளாறு எந்த இடத்தில் என்று யாருக்கும் பிடிபடவில்லை. மாமா வந்து "ஆச்சு" என்று நின்றது ஞாபகம் வந்தது. வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டு, அடுத்ததன் கையில் ஒன்றும் கொடுக்காத கண்ணியைத் தேடினேன். இருந்தது. திருத்தினேன், ஓடியது. வேலை நிரந்தரம். மாமாவுக்கு இன்னும் தெரியாது, தூங்குகிறார். "கடிதம் ஆச்சு, மாப்பிள்ளையத் தபால்ல போடச் சொல்லு" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் படுத்தாராம். வீடு முழுக்கத் தேடி, கடைசியில் அவர் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்தேன்.