மந்தம் இறக்கும் பட்டை

திருவொற்றியூர்க் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணத்தை மிஞ்சிய கூட்டம். சோறு கிடையாது, மூளை உண்டு! ‘மூளைச் சித்தர்’ ரகுபதியார் எழுந்தருளியிருந்தார். மக்குப் பிள்ளையின் நெற்றியில் ஒரு துணிப் பட்டையைக் கால் மணி நேரம் கட்டுவார். பிறகு அவிழ்த்துத் தண்ணீரில் முக்குவார். தண்ணீர் கறுக்கும். அந்தக் கறுப்புதான் தலையிலிருந்து இறங்கிய மந்தமாம்! பெற்றோர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நாற்பத்தெட்டு நாள் கட்ட வேண்டும். அதுவரை புத்தகத்தைத் தொடக் கூடாது, தனி வகுப்புக்கும் போகக் கூடாது. படித்தால் மந்தம் திரும்ப ஏறிவிடுமாம். அட, அறிவுக்கொழுந்தே!

சாத்தாங்காட்டு இரும்புக் கடையில் வேலை செய்யும் பூவம்மாவும் மகள் எழில்மொழியை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டே மாதம். கணக்கில் மூன்று தேர்வு ஃபெயில். தேவப்பிரியம் டீச்சர் மாலையில் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்து, இப்போதுதான் சமன்பாடு பிடிபட ஆரம்பித்திருந்தது.

“யம்மா, கிளாஸ வுட்டா மறுபடி ஃபெயிலாயிடுவேன்.”

“சும்மா சொல்லிக் குடுக்கறதுல இன்னாடி கீது? சாமி துட்டு வாங்கிகினு செய்றாரு!”

காசு வாங்குகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்பது நம் ஜனங்களின் வேதம்.

எழில்மொழியின் முறை வந்தது. பட்டையை வாங்கியவள் நேரே வாசலுக்குப் போய், அங்கே மீசையோடு தொங்கிய திருஷ்டிப் பூசணிக்காய்க்குக் கட்டிவிட்டாள். கால் மணி கழித்து அவிழ்த்து, எல்லார் முன்னாலும் முக்கினாள். தண்ணீர் கன்னங்கரேல்!

“இன்னாடி பண்ற?” என்று அலறினாள் பூவம்மா.

“கணக்குல விடை வந்தா, திருப்பிப் போட்டு சரியான்னு பாக்கணும்னு டீச்சர் சொல்லிக்கீறாங்கமா.”

சித்தர் அசரவில்லை. “ஊர்க் கண்ணையெல்லாம் வாங்கின பூசணிக்காய். அதுக்கு மந்தம் இருக்காதா?”

கூட்டம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. வெட்கங்கெட்ட தலைகள்!

“அப்ப நீயே கட்டிக்கோ சாமி. நீதான் ஞானியாச்சே, தண்ணி கறுக்காது” என்று புதுப் பட்டை ஒன்றை நீட்டினாள் எழில்மொழி.

சித்தர் எழுந்து நழுவப் பார்த்தார். ஞானிக்கு என்ன பயம் என்று சந்தேகம் தட்டிய பூவம்மா, அவர் தோளை அமுக்கி உட்காரவைத்தாள். இரும்பு தூக்கும் கை! தானே கட்டி, தானே அவிழ்த்து முக்கினாள். மை மாதிரி கறுப்பு. பட்டையின் தையலைப் பிரித்தால், உள்ளே சாயப்பொடி.

“அடப்பாவி! என் பொண்ணு படிப்பயே கெடுக்கப் பாத்தியே!” என்று பட்டையை அவர் மூஞ்சியில் வீசினாள். “வாடி, கிளாசுக்கு டைமாவுது.”

தலையாட்டிய பெரியோர்களே! அந்த மண்டபத்தில் சோதித்துப் பார்க்கத் தோன்றிய ஒரே தலை, நீங்கள் மக்கு என்று முத்திரை குத்திய தலை. தனி வகுப்பு யாருக்குத் தேவை என்று இப்போதாவது யோசியுங்கள்.