வயர் அக்காவின் ஒரு நிமிடம்

திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் வயர் அக்கா கை வைக்காத மண்டையே கிடையாது. வலிப்பு, மயக்கம், திடீர் உளறல், எதுவானாலும் எங்கள் ஸ்கேன் சென்டருக்குத்தான் வருவார்கள். வாசலில் நான் சீட்டுப் போடுவேன். உள்ளே அக்கா தலை முழுக்கப் பசை தடவி, வயர்களை ஒட்டி, மூளையின் அலைகளைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வார்.

அதோடு விட்டால் அவர் வயர் அக்கா இல்லை. வயரைக் கழற்றுமுன், "கண்ணை மூடிக்கங்க. எண்ணாம, ஒரு நிமிஷம் ஆச்சுன்னு தோணுனதும் சொல்லுங்க" என்பார். எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்காத பரீட்சை.

அய்யலூர் ஆட்டு வியாபாரி ஒருவர் பதினெட்டாவது விநாடியில் எழுந்துவிட்டார். "இம்புட்டு நேரம் சும்மா கெடந்தா என் கெடாயை எவன் விப்பான்?" வயரோடு கிளம்பியவரை நான்தான் மறித்தேன். ஒரு வாத்தியார் நாலு நிமிடம் கழித்து, "ஆரம்பிக்கலாமா?" என்றார்.

"ஒவ்வொரு மண்டைக்குள்ளயும் ஒரு தாளம் ஓடுதுப்பா. அதுதான் அவுகவுக நேரம். சுவத்துக் கடியாரம் சும்மா ஊருக்கு" என்பார் அக்கா.

"அப்ப நான் லேட்டா வாரது?"

"அது தாளமில்ல, திமிரு."

போன ஆடியில் அக்காவின் கணவர் விபத்தில் சிக்கினார். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுபவர். தலையில் அடி, நினைவில்லை. வேறு ஆளை அனுப்புவதாக டாக்டர் சொன்னதைக் கேட்காமல், ஆஸ்பத்திரிக்கு மெஷினைக் கொண்டுபோய் அக்காவே வயர் ஒட்டினார். உதவிக்கு நான் நின்றேன். திரையில் கோடுகள் ஏறக்குறைய நேராகவே ஓடின. அக்காவுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

கணவரின் காதருகே குனிந்தார். "ஏங்க, ஒரு நிமிஷம் ஆனதும் சொல்லுங்க."

நர்ஸ் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் கழிந்தது. "போதும்க்கா" என்றேன்.

"இன்னும் ஆகலப்பா. செத்த நேரம் பொறு."

மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து அக்கா வேலைக்கு வந்தார். பசை, வயர், பதிவு, அவ்வளவுதான். யாரிடமும் நிமிடம் கேட்பதில்லை. "கேளுங்கக்கா" என்று ஒருநாள் நானே சொல்லிப் பார்த்தேன்.

"தெரிஞ்சு என்ன செய்ய? எனக்கு ஒரு பகல் கழியவே ஒரு வருஷம் ஆகுது" என்றார்.

இப்போது சாயங்காலம் அவரை பஸ் ஸ்டாண்டில் நான்தான் விடுகிறேன். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்காரும்வரை நிற்கிறேன். "போப்பா, ஒனக்கு வேற வேலை இல்லையா?" என்கிறார்.

இல்லை என்கிறேன்.