காரை எடுக்கும் உரிமை

"போச்சு! எல்லாம் போச்சு!"

காலையில் ஒற்றர் போட்ட கூச்சலில், எதிர்வீட்டு வக்கீலம்மா காபி டம்ளரும் கையுமாகத் தெருவுக்கே வந்துவிட்டார்.

ஒற்றர் என்றால் உளவு பார்ப்பவர் அல்லர். அச்சகத்தில் பிழை திருத்துபவர். எங்கே ஓர் ஒற்று விட்டுப்போனாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். அதனால் வக்கீலம்மா வைத்த பெயர் அது. ‘அர்’ விகுதி போட்டு மரியாதையாகத்தான் வைத்திருக்கிறார் என்று ஒற்றருக்கு அதில் பெருமை.

போனது, காரின் பளபளப்பு. கறுப்புக் கார். தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் கொஞ்சம் திரும்பிக்கொண்டு, செடியை விட்டுவிட்டுக் காரைக் குளிப்பாட்டியிருந்தது. வாயில் வைத்தால் கரிக்கும் நிலத்தடி நீர். வெயிலில் தண்ணீர் போய்விட்டது. உப்பு போக மறந்துவிட்டது. பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாய் வட்டங்கள். எவனோ பொறுப்பில்லாமல் உயிரெழுத்துக்கெல்லாம் புள்ளி வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது ஒற்றருக்கு.

அந்தக் காரை அவர் யாரிடமும் கொடுக்கமாட்டார். மனைவியிடமும்தான். மனைவி பல் டாக்டர், லைசென்ஸ் வைத்திருப்பவர். ஆனாலும் கிளினிக்கில் கொண்டுபோய் விடுவது ஒற்றர்தான். வழியில் எந்தக் கடைப்பலகையில் பிழை கண்டாலும் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிப்போய், கடைக்காரருக்கு இலக்கணம் சொல்லிவிட்டு வருவார். டாக்டரம்மா போய்ச் சேருவதற்குள் நோயாளிகளுக்குப் பல்வலி தானாகவே நின்றுபோயிருக்கும்.

"நானே ஓட்டிட்டுப் போறேங்க."

"பெயின்ட் என்னாகறது?"

"ஏங்க, நான் ரோட்டு மேலதான ஓட்டப்போறேன்? சுவத்து மேலயா?"

கேட்டுக் கேட்டு டாக்டரம்மாவுக்கும் சலித்துவிட்டது. மறுத்து மறுத்து ஒற்றருக்குச் சலிக்கவில்லை.

உள்ளே போன ஒற்றர் ஒரு தாளோடு திரும்பி வந்தார். அவர் முகத்தில் வெற்றிக்களை.

"அது எதுக்குங்க உப்புத்தாள்?"

"படிஞ்சிருக்கறது என்ன? உப்பு. உப்பை எடுக்க உப்புத்தாள். பேர்லயே இருக்கு பார். மொழி தெரிஞ்சவனுக்கு எல்லாம் சுலபம்."

"ஐயையோ! அது மரத்தைத் தேய்க்கறதுங்க! ரெண்டு தேய் தேய்ச்சீங்கன்னா உப்பும் போகும், பெயின்ட்டும் போகும். அப்புறம் அடியில இருக்கற தகரத்துக்குத்தான் நீங்க இலக்கணம் சொல்லணும்."

தாளைப் பிடுங்கிக்கொண்ட டாக்டரம்மா, பானெட்டை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"இது காரைங்க."

"கார்தான். இல்லேன்னு யார் சொன்னா?"

"கார் இல்ல, காரை. பல்லுல படியுமே, நான் தினமும் எடுக்கறேனே, அந்தக் காரை. தண்ணியில இருக்கற சுண்ணாம்பு காஞ்சு ஒட்டியிருக்கு. இதைச் சுரண்டக் கூடாது, கரைக்கணும்."

"கறையைக் கரைக்கணும்! பெரிய ‘ற’வைச் சின்ன ‘ர’வா மாத்தணும், அவ்வளவுதானே?" தம் சிலேடைக்குத் தாமே சிரித்துக்கொண்டார் ஒற்றர். வேறு யாரும் அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை.

"டாக்டருக்குத் தெரிஞ்ச வேலையாத்தான் இருக்கு. அவங்களே எடுக்கட்டுமே" என்றார் வக்கீலம்மா.

அப்போதுதான் ஒற்றர் மூளையில் அந்த யோசனை உதித்தது. குழாய் நாளைக்கும் திரும்பும். காரை மறுபடியும் படியும். வாராவாரம் குனிந்து துடைப்பது யார் இடுப்பு? ‘இனி இது உன் வேலை’ என்றால் இவள் மறுத்துவிடுவாள். ‘உன் உரிமை’ என்றால்? ஒரு சொல்லை மாற்றினால் போதும், சுமை பரிசாகிவிடும். இப்படி ஒரு வாக்கியத்தை அமைக்க இந்தத் தெருவில் வேறு எவனால் முடியும்? நெஞ்சு விம்மியது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வக்கீலம்மா, நீங்கதான் சாட்சி. ஒரு கீறல் விழாம இவ இன்னிக்குக் காரை எடுத்துட்டா, இனிமே இந்த வீட்டுல காரை எடுக்கற உரிமை முழுக்க இவளுக்குத்தான்!"

டாக்டரம்மா வக்கீலம்மாவைப் பார்த்தார். வக்கீலம்மா காபி டம்ளருக்குள் பார்த்தார்.

"அப்புறம் மாத்திப் பேசமாட்டீங்களே?"

"ஊரார் வாக்கியத்தையெல்லாம் திருத்தறவன் நான். என் வாக்கியத்துல திருத்த என்ன இருக்கு?"

"சரி. முதல்ல வண்டியை நிழலுக்குத் தள்ளுங்க."

"நானா?"

"டாக்டர்னா உதவிக்கு ஓர் ஆள் வேணும்ல?"

தள்ளினார். தகரத்தின் சூடு ஆறும்வரை காத்திருக்கச் சொன்னார் டாக்டரம்மா, காத்திருந்தார். மண் இருந்தால் அதுவே கீறும், சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள் என்றார், கழுவினார்.

"வினிகர் எடுத்துட்டு வாங்க."

"காடின்னு அழகா ஒரு சொல் இருக்கு."

"எப்படிச் சொன்னா சீக்கிரம் வரும்?"

வெள்ளை வினிகரில் அதே அளவு குடிதண்ணீர் கலந்து, முதலில் கதவின் அடி மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார்கள். பெயின்ட் அப்படியே இருந்தது. பிறகு மெத்தென்ற துணியை அதில் நனைத்து, வட்டங்களின் மேல் சற்று நேரம் போர்த்தி, அழுத்தாமல் துடைத்து, உடனே நல்ல தண்ணீர் விட்டு அலசி, காய விடாமல் ஈரத்தை ஒற்றி எடுத்தார்கள். எடுத்தார்கள் என்பது மரியாதைப் பன்மை. எடுத்தவர் ஒற்றர் ஒருவரே. உரிமை பெறப்போகிறவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, உரிமை வழங்கப்போகிறவர் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்.

கடைசியாக மெழுகு பூசித் துடைத்ததும் பானெட்டில் ஒற்றரின் முகமே தெரிந்தது. மீசையில் ஒதுங்கிய நரையைக்கூட எண்ணலாம். ஒரு கீறல் இல்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒற்றர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்காத மாதிரி நின்றார்.

"நீங்கதான எல்லாம் பண்ணீங்க. அப்ப உரிமை எனக்கு வராதோ?" என்று இழுத்தார் டாக்டரம்மா.

மீன் தூண்டிலை விட்டு நழுவுகிறதே என்று ஒற்றர் பதறிப்போனார். "சேச்சே! நான் வெறும் கை. காரை எடுத்தது நீதான். ஒத்துக்கறேன். வக்கீலம்மா, கேட்டுக்கோங்க!"

"கேட்டுக்கிட்டேன்."

டாக்டரம்மா உள்ளே போனார். கைப்பையோடு வந்தார். விரலில் கார்ச் சாவி சுழன்றது.

"சாவி எதுக்கு?"

"காரை எடுக்க."

"அதான் எடுத்தாச்சே!"

"அது அந்தக் காரை. இது இந்தக் காரை."

"நான் சொன்னது பல்லுல இருக்கற காரை!"

"வாசல்ல நின்னுக்கிட்டுப் பல்லுக்கா உரிமை கொடுத்தீங்க?"

ஒற்றர் வக்கீலம்மா பக்கம் திரும்பினார். வக்கீலம்மா டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டுத் தீர்ப்பு வழங்கினார்.

"‘காரை எடுக்கற உரிமை முழுக்க’ன்னு சொன்னீங்க. முழுக்கன்னா அந்தக் காரையும் சேர்த்தி, இந்தக் காரையும் சேர்த்தி."

ஒற்றர் தம் வாக்கியத்தை மனத்துக்குள் பிரித்துப்போட்டார். அடுத்த சொல் ‘கழுவும்’ என்று இருந்திருக்கக் கூடாதா? வண்டியென்றால் ‘காரைக் கழுவும்’ என்று ஓர் ஒற்று வந்திருக்கும், படிந்த காரைக்கு வராது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வாதாடியிருக்கலாம். ‘எடுக்கற’ என்று உயிரெழுத்தில் தொடங்கித் தொலைத்துவிட்டது. உயிருக்கு முன்னால் ஒற்று ஏது? எந்தப் பக்கம் இழுத்தாலும் வாக்கியம் பிழையில்லாமல் நின்றது. இயற்றியவர் என்ற முறையில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வண்டி எங்கும் உரசாமல் வழுக்கிக்கொண்டு தெருவுக்கு இறங்கியது. முன்சீட்டில் வக்கீலம்மா ஏறிக்கொண்டார். வாளியைப் போட்டுவிட்டு ஒற்றர் ஓடினார்.

"நானும் வரேன்! பின்னாடியாவது உக்காந்துக்கறேன்!"

கண்ணாடி இறங்கியது. காலையிலிருந்து மாலைவரை ‘வாயைத் திறங்க, இன்னும் நல்லாத் திறங்க’ என்று கெஞ்சியே பிழைப்பு நடத்தும் டாக்டரம்மா, கணவரை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னார்:

"ஏறுங்க. வாயை மட்டும் திறக்காதீங்க."