நான் வடிகட்டிய ஆறு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மைத்துனன் எழுதியது.

இங்கே நானும் வீட்டுக்காரியும் சௌக்கியம். முழங்கால் வலி வழக்கம்போல் இருக்கிறது. அங்கே நீங்களும் என் தங்கச்சியும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் உங்கள் காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் குப்பைக் கிடங்கை நீட்டப் போவதாக நோட்டீஸ் ஒட்டிய பிறகு அப்படி எழுதினால் வாயில் அடிப்பீர்கள். "மேல நாறுற ஆறு உங்க வீட்டுப் பின்னாடி மட்டும் எப்படி மச்சான் சுத்தமாகுது?" என்று கேட்டிருந்தீர்கள். பதில் எனக்குத் தெரியும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மருந்துச் சீட்டிலும் கரண்ட் பில்லிலும் சிவப்பு மையால் திருத்தம் போட்டுக்கொண்டு நான் கிடந்தது உங்களுக்குத் தெரியும். அப்போதுதான் வட்டாரக் கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். கரையோர வீட்டுக்காரர்கள் வாரம் ஒரு பாட்டில் ஆற்றுத் தண்ணீர் எடுத்துத் தர வேண்டுமாம். கிடங்கிலிருந்து ஆற்றில் என்ன இறங்குகிறது, ஆற்றிலிருந்து கடலுக்கு என்ன போகிறது என்பதெல்லாம் அதை வைத்துத்தான் தெரியுமாம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மொண்டு, தேதி எழுதி, மறுநாள் வேன் வரும்வரை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். நான் யோசிப்பதற்குள் வீட்டுக்காரி சரி என்று சொல்லிவிட்டாள். நான் ஒழிந்தால் போதும் என்று இருந்திருக்கிறாள்.

முதல் திங்கட்கிழமை பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். என்னத்தைச் சொல்ல மாப்பிள்ளை, ரோஸ் கலரில் நூல் நூலாக ஒன்று, ஷாம்பு பாக்கெட்டின் ஒரு மூலை, பெயர் தெரியாத பழுப்பு, நடுவில் ஏதோ ஒன்று தானாக நகர்ந்து போய்த் திரும்பி வந்தது. எனக்கு ஆசை தாங்கவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அது எங்கே போகிறது என்று பார்த்தேன். பார்த்து முடித்ததும் ஒரு கூச்சம் வந்தது பாருங்கள். முப்பத்தொரு வருஷம் என் மேஜையைத் தாண்டி ஒரு தப்பு மேலே போனதில்லை, இப்போது ஒரு ஆபீசுக்கு அனுப்புகிற தண்ணியையா இப்படி அனுப்புவது? மனசு கேட்கவில்லை. பழைய தலையணை உறையை நாலாக மடித்து வடிகட்டினேன். அப்பவும் கலங்கல். கொஞ்சம் படிகாரம் போட்டுத் தெளியவைத்து மறுபடி வடிகட்டினேன். பளிச்சென்று ஆன பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். எட்டு மாதமாக ஒரு வாரம் தவறவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து ஆற்றில் இரண்டு கிலோமீட்டர் மேலே சைக்கிள் கடைக்காரர் பாட்டில் எடுக்கிறார். அந்த மனுஷன் மொண்டதை மொண்டபடி கொடுக்கிறவர். அவர் பாட்டிலைத் திறந்தால் ஆய்வகத்தில் எல்லாரும் எழுந்து வெளியே போகிறார்களாம். அங்கிருந்து என் வீட்டுக்கு வருவதற்குள் ஆறு எப்படி யோக்கியமாகிறது என்று ஆபீசே மண்டையைப் பிய்த்துக்கொண்டது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வந்து, மூன்று நாள் தண்ணீரில் நின்று, கல், மண், நத்தை எல்லாவற்றையும் பொட்டலம் கட்டினார்கள். கடைசியில் எங்கள் குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் மண்டிக் கிடக்கிற ஒரு செடிதான் ஆற்றைச் சுத்தம் பண்ணுகிறது என்று முடிவு கட்டி, சுற்றிலும் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று பலகை வைத்தார்கள். காலம்பூரா அதைப் பிடுங்கிப் போட்ட வீட்டுக்காரிக்குத் துணி உலர்த்தப் போக வழியில்லை. நானும் தினமும் போய் அந்தச் செடியை உற்று உற்றுப் பார்த்தேன். உண்மையைச் சொல்லப்போனால், ஒருவேளை செடிதானோ என்று எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. வட்டாரத்திலேயே தூய்மையான பகுதி என்று கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் வேறு கொடுத்தார்கள். ஹாலில் மாட்டினேன்.

இப்படி ஒரு செடி கீழே இருக்கும்போது மேலே எவ்வளவு குப்பை கொட்டினால் என்ன என்று கிடங்குக்காரர்கள் மனுப் போட்டார்கள். உங்கள் சுவரில் நோட்டீஸ் விழுந்தது. தங்கச்சி போனில் பேச ஆரம்பித்து அழுதுவிட்டாள். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டு நானும் அழுதேன்.

நேற்றுமுன்தினம் அதிகாரி அம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். "அந்த அழுக்கைத்தான் சார் நாங்க கேட்டோம்" என்றார். அவருக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. தண்ணீரில் கரைந்த ரசாயனம் தலையணை உறையில் எப்படி நிற்கும் என்று கேட்டார். எங்கள் வீட்டுத் துணி கெட்டி என்று சொல்லிவைத்தேன். இந்த வாரப் பாட்டிலை உள்ளது உள்ளபடி கொடுத்தால் அவசரமாகச் சோதித்து, வியாழக்கிழமை கிடங்கு பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வாசிப்பதாகச் சொன்னார். இன்று காலை அப்படியே மொண்டு வைத்திருக்கிறேன். இதைவிடக் கேவலமான பாட்டிலை நான் பார்த்ததில்லை. உங்கள் வீடு தப்பித்துவிடும் மாப்பிள்ளை. தைரியமாக இருங்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆளுக்கொரு முத்தம், உங்களிடம் கேட்கிற மன்னிப்பும் உங்களுக்கு என் ஆசியும் ஒரே உறையில்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். பாட்டில் பளபளவென்று இருக்கிறது. வீட்டுக்காரியைக் கேட்டேன். "பால் வைக்கிற இடத்துல அந்தக் கண்றாவியை வைக்கச் சொல்றீங்களா? கொட்டிக் கழுவிட்டு, நாம குடிக்கிற தண்ணியைப் பிடிச்சு வச்சேன். எட்டு மாசமா அப்படித்தானே செய்யறேன்" என்கிறாள். இத்தனை நாள் வடிகட்டித்தானே வைத்தேன் என்றேன். வடிகட்டினால் நாற்றம் போய்விடுமா என்று திருப்பிக் கேட்கிறாள். ஆக, செடியும் இல்லை, தலையணை உறையும் இல்லை, ஆபீஸ் சோதித்ததெல்லாம் எங்கள் குழாய்த் தண்ணி. ஓடிப் போய் வேறொரு பாட்டில் மொண்டுவந்து, ஐஸ் பெட்டிக்குள் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். வேன்காரர் கையில் கொடுக்கும்வரை எழுந்திருக்கமாட்டேன். திருப்பிக் கொடுப்பதற்காகச் சான்றிதழைக் கழற்றி, அடியில் பொடி எழுத்தில் இருப்பதை இப்போதுதான் படித்தேன். 'இந்நீர் குளிக்கவும் துவைக்கவும் ஏற்றது. குடிக்கக் கூடாது.' உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே குழாய்தான் மாப்பிள்ளை. குழந்தைகளுக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.