சீனிக்குக் காற்றுக் காட்டியது

மயிலாப்பூர்,
12 நவம்பர் 1931

மரியாதைக்குரிய மாமா வலியுல்லா சாகிப் அவர்களுக்கு, மருமகன் ஷரஃபுதீன் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இறைவன் கிருபையால் நானும் உங்கள் மகள் ஷகீலாவும் சுகம். சீனி மூட்டைகளின் சுகத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்த்து, கால்வாயோரக் கிடங்கை என் பொறுப்பிலேயே விடுவதா, என் சகலை அப்துல் கய்யூமிடம் ஒப்படைப்பதா என்று முடிவு செய்வதாக எழுதியிருந்தீர்கள். அதற்குமுன் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

துறைமுகத்திலிருந்து படகில் வந்த ஜாவா சீனியை நீங்கள் சொன்னபடியே பலகை மேல், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளித்தான் அடுக்கினேன். மழை பிடித்துக்கொண்டது. உள்ளே ஒரே புழுக்கம். எனக்கே மூச்சு முட்டுகிறதே, சீனிக்கு எப்படியிருக்கும் என்று பாவப்பட்டு எல்லாச் சன்னலையும் திறந்துவிட்டேன். மூன்று நாள் நல்ல சாரல் காற்று. நாலாம் நாள் வேலைக்குத் திரும்பிய, சாக்குத் தைக்கும் முனியம்மாள் மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னா நைனா, சக்கரைக்கு மூச்சா முட்டுது? ஈரக்காத்து பட்டா அது கெட்டுச்சு. ஜன்னல மூடு."

மூடினேன். மூடினவன் சும்மா இருந்திருக்கலாம், உலர்த்துறேன் பேர்வழின்னு நாலு கரியடுப்பை மூட்டி வச்சேன் மாமா, ஈரமும் போச்சு, சன்னலோர இருபது மூட்டையும் கல்லாப் போச்சு, மண்ணாங்கட்டின்னு நம்ம சுமை தூக்கும் ஆள் அதில் ஒண்ணைத் தவறவிட்டான், மூட்டைக்கு ஒண்ணும் ஆகலை, தரையில்தான் ஒரு செங்கல் உடைஞ்சுது.

அப்புறம் உட்கார்ந்து யோசிச்சேன். திருடனுக்குப் பயந்து மூணு பூட்டு போட்டேன். காத்து எந்தப் பூட்டைக் கேட்டுக்கிட்டு வருது? எனக்குப் பிடிச்சது சீனிக்கும் பிடிக்கும்னு நினைச்சதுதான் என் தப்பு. அக்கறை வேற, விவரம் தெரியறது வேறன்னு முப்பத்தெட்டு வயசில்தான் புரியுது. ஏற்கெனவே மூணு வேலை கைவிட்டுப் போயாச்சு. இதுவும் போனா ஷகீலா முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமா இருக்கும். இனி மழை விடும்வரை ஒரு சன்னலும் திறக்காது, இது சத்தியம். கிடங்கை என்னிடமே விடுங்கள்.

மாமிக்கு என் ஸலாம். உங்கள் துஆவில் என்னையும், மீதி மூட்டைகளையும் சேர்த்துக்கொள்ளவும்.

தங்கள் அன்பு மருமகன்,
ஷரஃபுதீன்

பி.கு.: எழுத்து அங்கங்கே கலைந்திருப்பது கண்ணீர் என்று மாமி கவலைப்பட வேண்டாம். கிடங்கில் வெளிச்சம் போதாமல் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதினேன், சாரல் அடித்துவிட்டது. முனியம்மாள் இப்போது வந்து அதைச் சாத்திவிட்டுப் போகிறாள். மாமா, கய்யூமும் வேண்டாம், நானும் வேண்டாம். சாவியை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.