மூன்று மருந்து நோட்டுக்காரர்

காது இரைகிறவர்கள் உலகெங்கும் உண்டு. நான் சொல்ல வந்தது, அந்த இரைச்சலுக்குச் சாப்பாட்டுத் தட்டில் குற்றவாளியைத் தேடும் இனத்தை. ஜப்பானில் எங்கள் மத்சுயே நகரத்தில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் தொகுனாகா சான்.

காதுக்குள் சில்வண்டு கத்துகிறதென்று காபியை நிறுத்தினார், உப்புச் சோயா விழுதில் வைக்கிற மிசோ சூப்பைப் பச்சைத் தண்ணீராக்கினார், முள்ளங்கி ஊறுகாயைக் குப்பைக்கு அனுப்பினார், சோயா சாஸை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காது இவருக்கு, பத்தியம் வீட்டுக்கே. "ஏங்க, வண்டு உங்க காதுலதானே கத்துது, என் நாக்கு என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்று மனைவி ஃபுமியே கேட்டதற்கு, இரைச்சலில் கேட்கவில்லை என்றார். எவ்வளவு சௌகரியமான இரைச்சல்!

ஆனால் மனிதர் உள்ளூர நடுங்கிப்போயிருந்தார். எங்கள் சேர்ந்திசைக் குழுவில் இருபது வருடமாகப் பாடுகிறவர். "ஞாயித்துக்கிழமைக்குள்ள சுருதி பிடிபடலேன்னா மேடை வேண்டாம் தொகுனாகா சான், வாசல்ல டிக்கெட் கிழிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டார் குழுத் தலைவி ஓரிஹாரா. அன்று தொகுனாகா சான் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மருந்துக்கடைக்கு இழுத்துப்போனேன். கடைப்பெண் மியோஷி, "மருந்து நோட்டைக் குடுங்க" என்றாள். எந்த டாக்டர் எந்த மாத்திரை எழுதினாலும் அதன் சீட்டை ஒட்டிவைக்கிற நோட்டு. ஆளுக்கு ஒன்றுதான். இவர் பையில் கையை விட்டு, "எது வேணும்?" என்றார்.

மூன்று நோட்டுகள் வெளியே வந்தன. முழங்கால் டாக்டருக்கு நீலம், தலைவலி டாக்டருக்குப் பச்சை, பல் டாக்டருக்குப் பூனைப் படம் போட்டது.

"எதுக்குங்க மூணு?"

"ஒருத்தர்கிட்ட போறது இன்னொருத்தருக்குத் தெரிஞ்சா மனசு சங்கடப்படாதாம்மா?"

மரியாதையைப் பார்த்தீர்களா! மியோஷி மூன்றையும் விரித்தாள். "ஐயையோ, மூணு டாக்டரும் வேற வேற பேர்ல ஒரே வலி மருந்தைக் குடுத்திருக்காங்க! அளவு மிஞ்சினா இதுவே காதை இரைய வைக்குமே!"

உடனே டாக்டர்களுக்குப் போன் போட்டாள். யாரும் சங்கடப்படவில்லை, திட்டினார்கள், அவ்வளவுதான். மூன்று மாத்திரை ஒன்றாயிற்று. நான்காம் நாள் வண்டு ஓய்ந்தது. ஞாயிறன்று மேடையில் முதல் சுருதியைக் கச்சிதமாகப் பிடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இறங்கி வந்து என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தீங்களா? முள்ளங்கியை விட்டேன், காது தேறிடுச்சு!"

ஃபுமியே அவர் சட்டைப்பையில் கையை விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். எந்த டாக்டரிடமும் சொல்லாத ஒரு மாத்திரை அட்டை உங்கள் பையிலும் இருக்கிறதே, அதை மட்டும் ஒருதரம் எடுத்துப் பாருங்கள். காதில் ஏதாவது கேட்கிறதா?