ஞாயிற்றுக்கிழமைகளில் வராத மதமதப்பு

காலில் கோளாறு என்றால் ஒரு படித்த பெண் முதலில் காலைத்தானே பார்க்க வேண்டும்? நான் ஏன் புத்தகத்தைப் பார்த்தேன்? இரண்டரை வருடமாக யோசித்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஆசிரியப் பயிற்சியில் வாங்கிய சான்றிதழைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். (எடுத்துப் பார்த்தால் அது என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கிறது.)

பகாவ் சாலையில், எங்கள் தோட்டத்திலிருந்து ஐந்து மைல் தள்ளி இருக்கிற இன்னொரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான் ஆசிரியை. மலாயாவில் அவசரகாலம் வந்த பிறகு, நாங்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். காலையில் காவலர்கள் வேலிக் கதவைத் திறப்பதற்குள் முதல் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸை நம்பினால் என் வகுப்புப் பிள்ளைகள் எனக்கே பாடம் நடத்துகிற நேரத்தில்தான் போய்ச் சேரலாம். அதனால் பகாவில் ஒரு பழைய பெண்கள் சைக்கிள் வாங்கினோம். அந்தச் சாலையில் சேலை கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டிய ஒரே பெண் நான்தான். இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிடுகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரமே சேலை சங்கிலியில் மாட்டியது. அதுவும் எங்கே? நடுவழியில் இருக்கும் சோதனைச் சாவடியில், ஒரு லாரி நிறைய சிப்பாய்களுக்கு முன்னால். இரண்டு பேர் பெடலைப் பின்பக்கமாகச் சுற்ற, நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். அன்று சாயங்காலம் என் கணவர் ஒரு யோசனை செய்தார். அவர் தோட்டத்து ரப்பர் ஆலையில் வேலை பார்க்கிறவர், எதையும் ரப்பரால் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவர். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி இரண்டு வளையம் செய்துகொடுத்தார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே அவற்றை மாட்டிக்கொண்டு, உள்பாவாடையின் ஓரத்தையும் சேலையின் ஓரத்தையும் உள்பக்கமாக மடித்து அவற்றுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு சேலை சங்கிலிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளியில் ஓரத்தை மட்டும் இறக்கிவிடுவேன். வளையங்களைக் கழற்ற மறைவான இடம் இல்லை, அதனால் வீடு திரும்பும்வரை அவை காலிலேயே கிடக்கும்.

பத்து நாள் கழித்துக் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. மூன்று மைல் தாண்டினால் பாதத்தில் எறும்பு ஊரும். பள்ளிக்குப் போய் இறங்கினால் பஞ்சு மெத்தைமேல் நிற்கிற மாதிரி இருக்கும்.

“சீட்டு ஒசரம் புள்ள, அதான்” என்றார் கணவர். சீட்டை இறக்கினார். குறையவில்லை. இன்னும் இறக்கினார். நான் தவளை மாதிரி ஓட்டினேன். மதமதப்பு அப்படியே இருந்தது.

“அப்ப சப்பாத்து டைட்டா இருக்கும்லா.”

ஒரு சைஸ் பெரிய சப்பாத்து வாங்கினோம். மறுநாள் வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். “டீச்சர், ஒரு சப்பாத்து எங்க டீச்சர்?” குனிந்து பார்த்தேன். வலது காலில் சப்பாத்து இல்லை. வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. பிள்ளைகள் சிரித்தார்கள்.

அன்றுதான் பள்ளி அலமாரியிலிருந்த சுகாதாரப் புத்தகத்தை எடுத்தேன். ‘உணர்ச்சி அற்றுப்போதல்’ என்ற பகுதியில் முதலில் இருந்தது தொழுநோய். அடுத்த பக்கத்தை நான் திருப்பவே இல்லை. அந்த நோய் வந்தவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தனியிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். என் மகள் செல்விக்கு அப்போது எட்டு மாதம்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸரிடம் போனேன். ஊசி போடுவதும் மருந்து கலக்குவதும் அவர்தான், எங்களுக்கு அவரே டாக்டர். நேராகக் கேட்கத் தைரியம் வரவில்லை.

“எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மாவுக்குக் காலு மதமதன்னு இருக்காம் ஐயா.”

“அந்த அம்மா நல்லா சாப்புடுறாங்களா?”

“சாப்புடுறேன்... சாப்புடுறாங்களாம்.”

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அந்த அம்மாவ நேர்ல வரச் சொல்லுங்க டீச்சர். ஊசியால குத்திப் பாக்கணும்.”

குத்துவதற்கு அவர் எதற்கு? பள்ளியில் ஊக்கால் பாதத்தில் குத்திப் பார்த்தேன், வலியே இல்லை. இரவு வீட்டில் குத்திப் பார்த்தேன், அலறிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை குத்திப் பார்த்தேன், அப்போதும் வலித்தது. எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதினேன். வார நாட்களில் மட்டும், காலை ஏழு மணிக்கு வந்து சாயங்காலம் போய்விடும், பள்ளி விடுமுறை நாட்களைத் தவறாமல் அனுசரிக்கும் ஒரு நோய்! அதைப் பார்த்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை. ஆரம்ப நிலை, அதனால் விட்டுவிட்டு வருகிறது என்று அடிக்கோடு போட்டு எழுதிவைத்தேன்.

அன்றிலிருந்து செல்வியைத் தூக்கவில்லை. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவிடம் கொடுத்துவிட்டு, பால் கட்டி நெஞ்சு வலிக்கக் கதவுக்குப் பின்னால் நின்றேன். குழந்தை என்னைப் பார்த்துக் கையை நீட்டும். நான் பானையைத் தேய்க்கிற மாதிரி திரும்பிக்கொள்வேன்.

“பெத்த புள்ளய தூக்காம அப்படி என்னா படிப்பு இவளுக்கு” என்று அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னார். கணவரிடமும் நான் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை டிரெஸரிடம் போய், ‘அந்த அம்மா நான்தான்’ என்று சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. சோதனைச் சாவடியில் நீண்ட வரிசை. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகாமலிருக்க எல்லாரையும் தடவிப் பார்ப்பார்கள். வழக்கமாகப் பெண்களைச் சோதிக்கும் அக்கா, டீச்சர் என்று என்னை விட்டுவிடுவார். அன்று புதிதாக லூர்தம்மா என்று ஒருவர். சைக்கிளிலிருந்து இறங்கினேன். இறங்கினேன் என்று நினைத்தேன். கால் தரையைத் தொட்டதே தெரியாமல், முன்னால் நின்றவரின் சைக்கிள்மேல் சாய்ந்தேன். அது அடுத்த சைக்கிள்மேல் சாய்ந்தது. ஏழு சைக்கிள்கள் வரிசையாகப் படுத்தன. என் அடையாள அட்டை சகதியில் கிடந்தது.

தூக்கிவிட வந்த லூர்தம்மாவின் கை என் முழங்காலுக்குக் கீழே பட்டு நின்றது.

“என்னா இது, காலுல உருண்டையா?”

“அது... டியூப்புங்க.”

“டியூப்பா! போன வாரந்தான் ஒருத்தன் டியூப்புக்குள்ள அரிசி வச்சு மாட்டுனான். வாங்க உள்ள.”

‘டீச்சரே அரிசி கடத்துதாம்’ என்று வரிசை முழுக்கப் பேச்சு ஓடியது. கித்தான் மறைப்புக்குள் என்னை உட்காரவைத்து இடது கால் வளையத்தை உருவினார். சதையில் சிவப்பாக ஆழமான பள்ளம். வளையத்தை வளைத்தார், முகர்ந்தார், உதறினார். ஒரு அரிசிகூட விழவில்லை.

அப்போது என் இடது பாதத்தில் ஆயிரம் ஊசி குத்தியது.

“வலிக்குது!” என்று கத்தினேன்.

“நான் ஒண்ணும் பண்ணலையே!”

“வலிக்குதுக்கா! நல்லா வலிக்குது! அந்தக் காலையும் கழட்டுங்க!”

வலது வளையமும் போனது. அந்தப் பாதத்திலும் ஊசி. நான் லூர்தம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்துக்கொண்டு, நொண்டி நொண்டிக் குதித்தேன். வெளியே இருந்த மலாய்க் காவலர் “கெனாப்பா?” (என்ன ஆச்சு?) என்று ஓடிவந்தார்.

“தெரியல துவான் (ஐயா). வலிக்குதுன்னு சந்தோசப்படுது” என்றார் லூர்தம்மா.

மீதி இரண்டு மைலையும் சேலையைக் கெண்டைக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டினேன். லாரிக்காரர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே வகுப்பில் நின்றேன். சாயங்காலம் செல்வியை வாங்கிக்கொண்டவள் விளக்கு வைக்கும்வரை கீழே இறக்கவில்லை.

ஆனாலும் எனக்குச் சந்தேகம் விடவில்லை. திங்கட்கிழமை வலது காலுக்கு மட்டும் வளையம் போட்டு ஓட்டினேன். வலது கால் மரத்தது, இடது கால் மரக்கவில்லை. நோட்டில் எழுதினேன். டிரெஸரிடம் அந்த நோட்டை நீட்டினேன்.

“முட்டிக்குக் கீழ நரம்பு தோலுக்குப் பக்கத்துல ஓடுது டீச்சர், அத நசுக்கியிருக்கீங்க” என்றார். பிறகு, “நானே இவ்வளவு ஒழுங்கா எழுத மாட்டேன். அந்த அம்மாவுக்கு என் பாராட்டச் சொல்லிருங்க” என்றார். அதை வாங்கிக்கொண்டு வீடுவரை நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

என் கணவர் மட்டும், “நான் சீட்டத்தானே ரெண்டு தடவ எறக்குனேன், உன்ன யாரு அவ்வளவு இறுக்கமா போடச் சொன்னா?” என்று இன்றுவரை சாதிக்கிறார். ஆனால் ரேடியோ பாடாவிட்டாலும், அடுப்பு புகைந்தாலும், வீட்டில் யாருக்குத் தலை வலித்தாலும், முதலில் அவர் கேட்பது, “டியூப்ப கழட்டிப் பாத்தியா?” மூன்று வயதான செல்வியும் இப்போது அதைச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள். போன வாரம் பள்ளி மேலாளர் தலைவலி என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்தபோது அவரிடமே கேட்டுவைத்தாள்.

இப்போது ஒரு உதவி வேண்டும். எங்கள் லயத்தில் ஆறு பெண்கள் எங்களுக்கும் சைக்கிள் சொல்லிக்கொடுங்கள் என்று வந்து நிற்கிறார்கள். அதில் அஞ்சலை அக்காவும் ஒருவர். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. காலையும் கட்டாமல், சங்கிலிக்கும் கொடுக்காமல், சேலையை அடக்கி வைக்க ஒரு வழி தெரிந்த வாசகர்கள் தயவுசெய்து எழுதுங்கள். ‘கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆனால் என் மாமியாரும் இந்தப் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்.